நூற்றுப்பத்து நிமிடம்

கொருக்குப்பேட்டையில் கேட் போட்டுவிட்டார்கள்.
சரக்கு வண்டி. பெட்டிகளை எண்ணுவதை
முப்பத்தெட்டில் விட்டுவிட்டேன்.
வேனின் பின்னால் ஈயக் குடுவைக்குள்
ஐந்து மில்லி திரவம்,
விடியுமுன் நானே சமைத்தது,
யாரும் தொடாமலே தீர்ந்துகொண்டிருக்கிறது.

நூற்றுப்பத்து நிமிடத்தில் பாதி.
இன்னொரு நூற்றுப்பத்தில் பாதியின் பாதி.
ஃப்ளோரின் பதினெட்டுக்கு
ரயில்வே கேட் தெரியாது.
ஐந்து பத்துக்கு அளந்தபோது இருபது.
ஊசிக்குக் குறைந்தது பத்து வேண்டும்.
இப்போது மணி ஆறு முப்பத்தொன்று.

தஸ்தகீர் பீடியைப் பற்றவைக்கப் போய்
பின்னால் இருப்பதை நினைத்துக்
காதில் செருகிக்கொண்டார்.
"வெடிக்காதுண்ணே."
"தெரியும். இருந்தாலும் ஒரு மரியாதை."
எதைப் பிடிக்க இந்த மருந்து என்றார்.
டாவ் என்றொரு புரதம் என்றேன்.
"டாவா? எங்க ஏரியால
அதுக்கு வேற அர்த்தம்மா.
ஆனா மூளைய அதுவும்தான் கெடுக்கும்."

இது நாற்பத்து மூன்றாவது மூலக்கூறு.
முதல் பதினொன்று மூளையின் வாசலையே தாண்டவில்லை.
பத்தொன்பதாவது ஃப்ளோரினை வழியில் உதறிவிட்டது;
எலியின் மண்டையோடு மட்டும்
தேர்த் திருவிழாவாய் எரிந்தது.
முப்பதாவது எல்லோரிடமும் ஒட்டிக்கொண்டது,
கல்யாண வீட்டில் யார் பக்கத்துச் சொந்தமென்றே தெரியாத
ஒருவர் இருப்பாரே, அவர் மாதிரி.
நாங்கள் தேடுவது எளிய குணம்தான்:
உள்ளே போ.
முறுக்கிக் கிடப்பதை மட்டும் பிடி.
மற்றதைத் தொடாமல் வெளியே வா.
இப்படி ஒரு மனுஷரைக்கூட நான் பார்த்ததில்லை.

கொசஸ்தலை முகத்துவாரத்தில்
அனல்மின் நிலையச் சாம்பல் படிவது போல என்று
நிதி கேட்கப் போன இடத்தில் விளக்கினேன்.
ஒரே நாளில் இல்லை,
படகு தரைதட்டும்போதுதான் தெரியும்.
மேசைக்கு அந்தப் பக்கம் ஒருவர்
"அது எந்த ஆறு?" என்றார்.

ராயபுரத்தில் காத்திருப்பவர் சவேரியம்மா.
வயது ஐம்பத்தேழு. காசிமேட்டில் ஏலம் கூறியவர்.
ஒருநாள் வஞ்சிரக் கூடைக்கு
ஆயிரத்தைந்நூறு, ஆயிரத்தறுநூறு, ஆயிரத்தெழுநூறு
என்று ஏறிக்கொண்டே போய்
ஆயிரத்து நூறு என்றார்.
வியாபாரிகள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.
மறுநாளும் அதே இடத்தில் வழுக்கியபோது
யாரும் சிரிக்கவில்லை.

ஒப்புதல் படிவத்தை மகன் படித்துக் காட்டியபோது
கேட்டார்: "இந்த ஊசி போட்டா
எண்ணிக்க திரும்பி வந்துடுமா?"
வராதும்மா. எங்கே தொலைந்ததென்று
படம் மட்டும் எடுப்போம்.
கொஞ்ச நேரம் சும்மா இருந்தார்.
"படம்னா மூக்குத்தியக் கழட்டணுமா?"

கேட் திறந்தது.
மீன் ஐஸ் வண்டி, கன்டெய்னர், பள்ளி ஆட்டோ
எல்லாம் ஒரே நேரத்தில் முதலில் போக விரும்பின.

ஏழு பத்துக்கு மீட்டரில் வைத்தேன்.
ஒன்பது புள்ளி நாலு.
நர்ஸ் கேட்க உரக்கப் படித்தேன்,
குறித்துக்கொள்ளுமுன்
ஒன்பது புள்ளி மூன்று.
இன்னும் ஒரு புள்ளி போனது.
விதி என்றால் விதி. பத்துக்குக் கீழே ஊசி இல்லை.
எப்படிச் சொல்வதென்று நின்றிருந்தேன்.

ஸ்கேன் மேசையின் ஓரத்தில் உட்கார்ந்திருந்த
சவேரியம்மா தலையைத் தூக்கினார்.
அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை;
துறைமுகச் சுவர் வரை போகக்கூடிய குரல்.
"எறங்குற வெலைல நிக்காதம்மே.
நாத்தம் புடிச்ச கூடைய எவன் எடுப்பான்?
தூக்கி ஓரமா வை.
நாளைக்குப் புதுசு கொண்டா."

பிறகு மகனைப் பார்த்து,
இந்தப் பொண்ணு யாரு என்றார்.

குடுவையை ஈய அறையில் பூட்டினேன்.
நாளை காலைக்குள் அது வெறும் தண்ணீர்.
வியாழக்கிழமை ஒரு மணி நேரம் முன்னதாகச் சமைக்க வேண்டும்.

திரும்பும்போது கேட் திறந்தே கிடந்தது.
தண்டவாளத்தின் மேல் வேன் குலுங்கியபோது
தஸ்தகீர் பீடியைப் பற்றவைத்தார்.